பின்படியின் வளைவு

இரும்புப் படியின் கைப்பிடிக்குப் புதிதாகக் கறுப்பு வர்ணம் பூசியிருக்கிறார்கள். மழைக்கு உரிந்த ஓர் இடத்தில் கை வைத்தேன். துரு மணம். வேலை முடிந்து வந்து என் தலையைத் தடவும்போது உன் உள்ளங்கையில் இருந்த மணம், அம்மா.

கண்டியில் நீ வேலை செய்த புடவைக்கடை இப்போது கஃபே. விக்டோரியா காலக் கட்டடம் என்று வாசலில் எழுதியிருக்கிறது. வளைவு ஜன்னல்கள், வார்ப்பிரும்புத் தூண்கள், நடுவில் அகன்ற தேக்குப் படிக்கட்டு. பின்சுவரை ஒட்டி உன் இரும்புச் சுருள் படி. இன்று அதில் ஒரு மணமக்கள் சோடி படம் எடுத்துக்கொண்டிருந்தது.

வேலைக்காரர் யார் கண்ணிலும் படாமல் ஏறி இறங்கத்தான் அதைக் கட்டினார்கள். முதலாளிகள் மாறினார்கள். தேக்குப் படி வாடிக்கையாளருக்கு என்பது மட்டும் மாறவில்லை. "சுத்திச் சுத்தி ஏறி எனக்கு இப்ப தலையே சுத்துறதில்ல" என்று சிரிப்பாய்.

தீபாவளிக்கு முந்தைய வாரம். உன்னோடு ஊருக்குப் பன்வில பஸ் பிடிக்க, அப்போது படித்துக்கொண்டிருந்த கம்பஸிலிருந்து வந்திருந்தேன். மாடியில், சேலைக் குவியலுக்கு நடுவே, நெஞ்சைப் பிடித்தபடி சரிந்தாய். உன்னோடு வேலை செய்த நஸீமா அக்காவும் நானும் தேக்குப் படிவரை தூக்கிவந்தோம். நீ கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாய்.

"இதால வேணாம். பின்னால இறக்குங்க."

"உசிர் போகுது, இன்னும் சட்டம் பேசுறா இவ" என்றார் நஸீமா அக்கா.

"நாளைக்கு வேலைக்கு வரணும்டி."

மேனேஜர் தலையசைத்தார். "அவங்களே சொல்றாங்களே. ஆக்கள் சேலை பாக்குறாங்க. பின்னாலயே கொண்டு போங்க."

கொண்டுபோனோம். வளைவில் உன்னைப் படுக்கையாகத் திருப்ப முடியவில்லை. நிமிர்த்தினோம். தோளில் சாய்த்தோம். உன் செருப்பு கழன்று, இரும்பில் தட்டித் தட்டிக் கீழே போனது. கடைசி வளைவில் உன் தலை திடீரெனக் கனத்தது.

கீழே ஓட்டோ இயங்கியபடி நின்றது. இனி அவசரமில்லை.

மறுநாள் கடை நேரத்துக்குத் திறந்தது. சேலை மடிக்க வேறொருத்தி வந்திருந்தாள். பின்படியால்.

"மிஸ், முன்னால வாங்க" என்றான் இன்று கஃபே வெயிட்டர். "அது சும்மா போட்டோவுக்கு."

முதன்முறையாகத் தேக்குப் படியில் ஏறினேன். தாழ்ந்த, அகலமான படிகள். மூன்று பேர் தோளோடு தோள் சேர்ந்து இறங்கலாம். உன்னைப் படுக்கவைத்தபடியே இறக்கியிருக்கலாம்.

கட்டட வரைபடம் வரைவது இப்போது என் வேலை. எந்தப் படிக்கட்டை வரைந்தாலும் கோடு வளையும் இடத்தில் கை நின்றுவிடுகிறது. இங்கே ஓர் ஆளைப் படுக்கையாகத் திருப்ப முடியுமா?