நிற்கும்போது தலை சுற்றுமா? சைபர்

அப்பா,

இன்றைக்கு அடையாறு கிளினிக்கில், அன்று உனக்காக நான் நிரப்பிய அதே கேள்வித் தாளை என் கையில் கொடுத்தார்கள். நூலில் கட்டிய பேனா, கை துடைக்கும் மருந்தின் நெடி, எல்லாம் அதே. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா, வியர்வை எப்படி, மலச்சிக்கல் உண்டா. ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து பத்துக்குள் ஒரு எண்; சைபர் என்றால் தொந்தரவே இல்லை.

சர்க்கரை உன் நரம்புகளைத் தின்றுகொண்டிருந்த வருஷம். ஆதம்பாக்கத்திலிருந்து ஆட்டோவில் உன்னை வேறொரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். நீ கண்ணாடியை மறந்துவிட்டதால் நான்தான் தாளைப் படித்தேன். கூடம் நிறைய ஆட்கள். "பெரியவருக்குக் கேக்கற மாதிரி படிம்மா" என்றாள் கவுன்டரில் இருந்தவள். சீ, நானும் சத்தமாகவே படித்தேன். "அப்பா, ஒண்ணுக்கு அடக்க முடியாம துணியிலயே போயிடுதா?" பக்கத்து நாற்காலிக்காரன் பேப்பருக்குப் பின்னால் சிரித்தான். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு, "சைபர் போடு" என்றாய். அன்று காலைதான் உன் லுங்கியை அலசிப் போட்டுவிட்டு வந்திருந்தேன்.

நிற்கும்போது தலை சுற்றுமா என்று கேட்டதும்தான் உனக்குக் குரல் திரும்பியது. "இன்னா கேள்வி இது? முப்பது வருசம் ஓடற பஸ்ல கம்பி புடிக்காம நின்னு டிக்கெட் கிழிச்சவன் நானு. சைபர் போடும்மா."

போட்டேன். நீ சுவரைப் பிடித்துப் பிடித்து எழுவதைத் தினமும் பார்த்தவள்தான் போட்டேன். டாக்டர் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தார். "பரவாயில்லையே சார்!" நிற்கவைத்து, பிரஷர் இறங்குகிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. அடுத்த மாதம் பாத்ரூம் வாசலில் விழுந்தாய். அப்புறம் எழவேயில்லை.

அந்தச் சிரிப்பை நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது. அந்தப் 'பரவாயில்லையே'யும். எல்லாவற்றையும்விட, உருண்டை உருண்டையாக, அழகாக சைபர் போட்ட என் கையெழுத்து.

உன் பேத்திக்கு ஐந்து மாசம். தொட்டிலிலிருந்து அவளைத் தூக்கி நிமிர்ந்தால் எனக்குக் கண் இருட்டுகிறது. முந்தாநாள் அவளோடு அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டேன். அவளைக் கீழே போட்டுவிடுவேனோ என்ற பயம் இன்னும் போகவில்லை. இன்று அந்தத் தாளை எட்டிப் பார்த்து உன் மாப்பிள்ளை, "புள்ள பெத்தவங்க எல்லாருக்கும் இருக்கறதுதானே, ரெண்டு போடேன்" என்றார். என் கை ரெண்டு போட்டும் விட்டது. உன் ரத்தம்தானே அப்பா.

அதை அடித்துவிட்டு எட்டு என்று எழுதினேன். உள்ளே டாக்டரம்மா தாளை எடுப்பதற்குள், "என்னை நிக்க வச்சு பிரஷர் பாருங்க" என்றேன். பார்த்தார். பட்டை கையை இறுக்க இறுக்க, கம்பி பிடிக்காத உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அப்பா. எல்லாரும் பார்க்கத்தான்.