கொம்பனுக்கு வக்காலத்து

தம்பி,

இன்று காலை ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் தட்டை எடுத்துக் கவிழ்த்தேன். ஒரு கட்டி தெறித்து அடுப்பு மேடை முழுக்க வழுக்கிக்கொண்டு போனது. அப்பா அளவோடுதான் தண்ணீர் குடிக்கலாம் என்பதால், தாகம் எடுத்தால் அதற்குப் பதில் ஒரு சின்னக் கட்டி கொடுக்கும் வழக்கம் இன்னும் தொடர்கிறது. அதைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். உன் குரல் காதில் விழுந்தது. உன் சொந்தக் குரல் இல்லை. ஐஸ்கட்டியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கொம்பனாகப் பேசுவாயே, அந்தக் கனத்த குரல்.

தஞ்சாவூரில் அந்த டயாலிசிஸ் வார்டுக்கு அப்பாவை அழைத்து வரத் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்த சமயம். செவ்வாய், வியாழன், சனி. திருவையாற்றுக்குப் பக்கத்து ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்து வருவோம். மெஷினை மாட்டியதும் அப்பா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான்கு மணி நேரமும் ஒரு வார்த்தை பேச மாட்டார். பண்ணையாள் ஒருவருக்கு மகனாகப் பிறந்து, ஒன்றரை ஏக்கர் சொந்தமாக வாங்கி, அதில் தானே நாற்று விட்டு நட்டவர் அவர். இன்னொருவர் தோளைப் பிடித்துக் கட்டிலில் ஏறுவதை அவரால் தாங்க முடியவில்லை.

அப்போதுதான் பக்கத்துக் கட்டிலுக்கு நீ வந்தாய். அய்யம்பேட்டைக்காரன். வளைகுடாவில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்துவிட்டு, சிறுநீரகம் கெட்டுப்போய் முப்பத்தொரு வயதில் ஊர் திரும்பியவன். ஊசி ஏற்றிய இடது கையை அசைக்கக் கூடாது. அதனால் வயிற்றின் மேல் தலையணையை வைத்து, அதன் மேல் ஒரு சின்ன வீடியோ கேம் பெட்டியை வைத்து, வலது கையால் மட்டும் விளையாடிக்கொண்டிருந்தாய். சிறிது நேரம் கழித்து என்னைப் பார்த்து, “அக்கா, தப்பா நினைக்காதீங்க. அந்தச் சிவப்பு பட்டனைக் கொஞ்சம் அழுத்துறீங்களா? எனக்கு எட்டல” என்றாய். நான் அழுத்தினேன். அன்றிலிருந்து உன் இடது கை நான்தான். முதலில் நான் உன்னை ‘நீங்க’ என்றேன். இரண்டாவது வாரம், “நீன்னே சொல்லுங்க. எங்க அக்காவும் அப்படித்தான் கூப்பிடும்” என்று சொல்லிவிட்டாய்.

பட்டனை அழுத்துகிறவளுக்கு என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டாமா? கேட்டேன். நீ சொல்லத் தொடங்கினாய். மனிதர்களே இல்லாத, பூதங்கள் மட்டும் வாழும் ஓர் ஊர். யாராவது குகையிலோ சுரங்கத்திலோ மாட்டிக்கொண்டால், காப்பாற்றச் சொல்லி ஊர்ப் பலகைக்கு ஒரு கடிதம் வரும். மீட்புக் குழுக்கள் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். நம்முடைய குழுவில் இரண்டே பேர். தவளை மாதிரி இருக்கும் நாயகனுக்குச் சேத்துக்குட்டி என்று பெயர் வைத்தாய். அதன் கூட்டாளி, பறக்கத் தெரியாத, இருட்டைக் கண்டால் நடுங்கும் ஒரு பறவை. அது பஞ்சு. இவர்களுக்குப் போட்டியாக மூன்று பேர் கொண்ட இன்னொரு குழு. அதன் தலைவன்தான் ஒற்றைக் கொம்பு முளைத்த கொம்பன். பெட்டியில் எல்லாருக்கும் வேறு பெயர்கள் இருந்தன. “வாயில நுழையாதுக்கா” என்று ஒதுக்கிவிட்டாய்.

எனக்குச் சொல்லத் தொடங்கியது, மெல்ல வார்டுக்கே சொல்வதாக மாறியது. எதிர்க் கட்டில் சாவித்திரி அம்மா டி.வி.யின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டார். ஊசி போட வந்த சிஸ்டர் கதவருகே நின்று கேட்டுவிட்டுப் போவார். நீ சொன்ன விதம் அப்படி. கடை வைத்திருக்கும் விட்டில்பூச்சி, “கயிறு வேணுமா, விளக்கு வேணுமா, இல்ல சும்மா விலை கேட்டுட்டுப் போக வந்தியா?” என்று கும்பகோணம் கடைத்தெருப் பெண்மணியைப் போலப் பேசும். கடிதம் கொண்டுவரும் நத்தை எவ்வளவு தாமதமாக வந்தாலும் ஒரு நாளும் வருத்தம் தெரிவிக்காது. அந்த ஊரில் யாரையும் நீ கோமாளியாக்கவில்லை. நத்தை ஏன் தாமதமாக வந்தது என்பதற்கும் உன்னிடம் ஒரு காரணம் இருந்தது. நடுவில் உனக்கு ரத்த அழுத்தம் இறங்கி முகம் வெளுத்துப்போகும். கண்ணை மூடிக்கொள்வாய். சிஸ்டர் வந்து கால் பக்கத்தை உயர்த்திவிட்டுப் போவார். பத்து நிமிடம் கழித்து விட்ட இடத்திலிருந்து சரியாகத் தொடங்குவாய்.

ஒரு சனிக்கிழமை, பாறை சரிந்த குகையிலிருந்து ஒரு குட்டிப் பூதத்தை மீட்ட கதை. மீட்டது சேத்துக்குட்டி. ஊருக்குள் வந்து நான்தான் மீட்டேன் என்று பெயர் வாங்கிக்கொண்டது கொம்பன். வார்டே அவனைத் திட்டியது. அப்போது சுவர்ப் பக்கமிருந்து அப்பாவின் குரல் வந்தது.

“அவன் என்ன தப்புப் பண்ணிட்டான்? முதல்ல எறங்கினவன் அவன்தானே. சேத்துக்குட்டி பின்னாடியே போய் மிதிச்சதாலதானே பாறை சரிஞ்சுது?”

அந்த அறைக்கு வரத் தொடங்கியதிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு அது. யாராவது சிரித்திருந்தால் திரும்பவும் சுவரைப் பார்த்திருப்பார். நீ சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “அய்யா சொல்றதுல நியாயம் இருக்கு. இதை நான் கவனிக்கல” என்றாய். அன்று முதல் அப்பா உன் பக்கம் திரும்பிப் படுத்தார். கொம்பன் எது செய்தாலும் அதற்கு ஒரு நியாயம் வைத்திருந்தார். அவருக்குக் கொம்பனின் வக்கீல் என்று சாவித்திரி அம்மா பெயர் வைத்தார்.

தை மாதம் சம்பா அறுவடை வந்தது. எங்கள் வயலில் இறங்கிய அறுவடை மெஷினை அப்பா வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். ஒரு கதிரைக் குனிந்து எடுக்கப் போனவரால் நிமிர முடியவில்லை. வயலில் நின்ற இரண்டு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். அன்று சாயங்காலம் என்னிடம், “இனிமே நான் வரல. இதோட நிறுத்திக்கலாம்” என்றார். செவ்வாய்க்கிழமை வரவில்லை. கெஞ்சினேன், அழுதேன், இரண்டு வேளை சாப்பிடாமலும் இருந்து பார்த்தேன். வியாழக்கிழமையும் வரவில்லை. கால் இரண்டும் வீங்கிவிட்டன. படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தே இருந்தார்.

அந்த வியாழக்கிழமை மதியம் உன் போன் வந்தது. மெஷின் ஓடும் சத்தம் பின்னால் கேட்டது. அய்யாவிடம் கொடுங்கள் என்றாய். அவர் கையில் வாங்கவில்லை. சத்தத்தைக் கூட்டி அவருக்கு முன்னால் வைத்தேன். நலம் விசாரிப்பாய், வரச் சொல்வாய் என்று நினைத்தேன். நீ அதில் எதையும் செய்யவில்லை.

“அய்யா, இங்க ஒரு சிக்கல். பலகையில பேர் போடாம ஒரு கடுதாசி வந்திருக்கு. எழுத்தைப் பார்த்தா கொம்பனோடதுன்னு ஊருக்கே தெரியுது. தனியா ஆழத்துல எறங்கி மாட்டிக்கிட்டான். யாரும் அந்தக் கடுதாசியை எடுக்கல. போறதா வேணாமான்னு கேம் கேக்குது. நீங்க சொல்லாம நான் பட்டனை அழுத்த மாட்டேன்.”

பதிலுக்குக் காத்திருக்காமல் நீ போனை வைத்துவிட்டாய். சனிக்கிழமை விடியும்போது அப்பா என்னைக் கூப்பிட்டு, வண்டிக்குச் சொல்லு என்றார். பஸ்ஸில் ஏறும் நிலையில் அவர் இல்லை. தெருவில் ஒருவருடைய காரில் வந்தோம். வீங்கிய கால்களைப் பார்த்து சிஸ்டர் திட்டுவார் என்று பயந்தேன். அவர் அவசரமாக மெஷினை மாட்டினார். இன்னொரு முறை தவறியிருந்தால் கை மீறிப் போயிருக்கும் என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

அப்பாவுக்கு மூச்சு கொஞ்சம் சீரானதும் நீ கேள்வியை எடுத்தாய். சாவித்திரி அம்மா, “கெடக்கட்டும் அவன். பஞ்சுவை என்ன பாடு படுத்தினான்!” என்றார். எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

“போகணும்” என்றார் அப்பா. கொஞ்சம் நிறுத்தி, “ஆனா ஒன்னு. காப்பாத்த வந்தோம்னு அவன்கிட்ட சொல்லக் கூடாது. நாங்களும் வழி தவறி இங்க வந்துட்டோம்னு சொல்லணும்” என்றார்.

நீ தலையாட்டினாய். “அழுத்துங்கக்கா” என்றாய். அழுத்தினேன். அன்றும் அடுத்த செவ்வாயும் அந்தக் கதைதான். பஞ்சு நடுங்கிக்கொண்டே இருட்டில் இறங்கியது. அடியில் கொம்பன் ஒரு கால் பாறைக்கு அடியில் சிக்கி உட்கார்ந்திருந்தான். வழி தவறிவிட்டோம் என்று சேத்துக்குட்டி சொன்னது. நீ ஐஸ்கட்டியைக் கன்னத்தில் ஒதுக்கினாய். “எனக்கும் வழி தெரியல. சேர்ந்தே தேடுவோம்” என்றான் கொம்பன். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அவர் வரமாட்டேன் என்று சொன்னதில்லை.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தபோது உன் கட்டிலில் விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்துப் போடப்பட்டிருந்தது. சிஸ்டர் அருகில் வந்து சொன்னார். ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலேயே, இதயம் நின்றுவிட்டது. வார்டில் அன்று டி.வி.யை யாரும் போடவில்லை.

அப்பாதான் உன் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். அய்யம்பேட்டையில் விசாரித்து வந்து சேர்ந்தோம். அப்பா வாசல் பக்கம் உன் வாப்பாவோடு உட்கார்ந்தார். உன் மனைவி வெளி ஆண்களைப் பார்க்காத துக்க காலமான இத்தாவில் இருந்ததால் நான் மட்டும் உள்ளே போனேன். நான் சொல்வதற்கு முன்பே நான் யார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வீட்டுக்கு வந்தால் உன் உடம்பைப் பற்றிப் பேச மாட்டாயாம். இன்று கொம்பனுக்காக அய்யா என்ன வாதாடினார் என்றுதான் சொல்வாயாம்.

“எத்தனையோ நாள் போகலன்னு உக்காந்துருவாங்க அக்கா” என்றாள். “நானும் மாமியும் சொன்னாக் கேக்க மாட்டாங்க. அப்புறம் அவங்களே, அய்யா காத்துக்கிட்டு இருப்பாருன்னு எழுந்து சட்டையை மாட்டுவாங்க.”

திரும்பி வரும் பஸ்ஸில் இதை அப்பாவிடம் சொன்னேன். வெகுநேரம் வெளியே நாற்றங்கால்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். “என்கிட்ட ஒரு நாளும் காட்டிக்கலையே” என்றார்.

இப்போது வார்டில் அந்தக் கதையைச் சொல்வது அப்பா. உன் கட்டிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பஸ் டிரைவருக்கு முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறார். உன்னைப் போலக் குரல் மாற்ற அவருக்கு வராது. உன் பூத ஊரில் இல்லாத ஒரு வாய்க்காலை வெட்டிவிட்டிருக்கிறார், அதில் எப்போதும் தண்ணீர் ஓடுகிறது. கொம்பன் கொஞ்சம் கூடுதலாகவே நல்லவனாக இருக்கிறான்.

யாரிடமும் சொல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை அழுத்தச் சொன்னாயே, அப்போது பெட்டியின் திரை உன்னைத் தவிர எனக்கு மட்டும்தான் தெரிந்தது. அதில் கடிதமும் இல்லை, கேள்வியும் இல்லை. சேத்துக்குட்டியும் பஞ்சுவும் விட்டில்பூச்சிக் கடைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். நான் அழுத்தியதும் ஒரு கயிறு வாங்கினார்கள். நீ என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாய். நான் வாய் திறக்கவில்லை. அந்த இரண்டு நாளும் நீ சொன்னதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் இல்லாத கதை. பிறகொரு நாள் லிஃப்ட் பக்கத்தில் வைத்து, உண்மையில் கொம்பன் என்ன ஆனான் என்று கேட்டேன். “அங்க அவன் கடைசி வரைக்கும் திருந்தலக்கா” என்று சொல்லிச் சிரித்தாய்.

அப்பா சில நாள் வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம் கேட்பார். அன்னைக்கு நான் போக வேணாம்னு சொல்லியிருந்தா தம்பி என்ன பண்ணியிருப்பான்? திரையில் நான் பார்த்ததைச் சொல்ல ஒவ்வொரு முறையும் வாய் வரைக்கும் வரும். சொல்வதில்லை.

“தம்பி விட்டிருக்க மாட்டான்ப்பா” என்பேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.