கூடையைத் தூக்கிக் காட்டியவன் நான்

என் பிரியமுள்ள மச்சான் கோவிந்தனுக்கு,

டெல்லியில் துவாரகாவுக்கு மெட்ரோ ஓடத் தொடங்கியிருந்தது. கரோல் பாக்கில் கடை கடையாகச் சீல் வைத்துப் போயிருந்தார்கள். உன் மகள் செல்வி புசா ரோடு தமிழ்ப் பள்ளியில் பன்னிரண்டாவது பரீட்சை எழுதினாள். அந்த வருஷத்துக் கார்ப்பரேஷன் தேர்தலைப் பற்றித்தான் இன்று உன்னோடு பேச வேண்டியிருக்கிறது.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்கிறேன், செல்வி எழுதுகிறாள். இதில் என்ன வரப்போகிறதென்று அவளுக்கு இன்னும் தெரியாது.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். நீ கட்டிய கூட்டணி மறுபடியும் கூடியிருக்கிறது. வீட்டு வேலைக்குப் போகும் நம் பெண்கள், துப்புரவுக்காரர்கள், தள்ளுவண்டிக்காரர்கள், எல்லோரும் ஒரே தரி விரிப்பில் உட்காருகிறார்கள். எந்தக் கட்சியும் வேண்டாம், நம்மில் ஒருத்தி நிற்கட்டும் என்று பேச்சு. செல்வி பேரைத்தான் எல்லோரும் சொன்னார்கள்.

போன ஞாயிறு வரைக்கும் சொன்னார்கள்.

அன்று தள்ளுவண்டிக்காரர்களின் தலைவன் ராம்பிரசாத் எழுந்தான். "பாப் நே டோக்ரி பேச் தீ. பேட்டி க்யா பேசேகி?" என்றான். அப்பன் கூடையை விற்றான், மகள் எதை விற்பாளோ என்று கேட்கிறான். பின்னால் யாரோ சிரித்தார்கள். வருகிற ஞாயிற்றுக்குள் பதில் வராவிட்டால் அவர்கள் தனி ஆளை நிறுத்துவார்களாம். ஓட்டு உடைந்தால் மறுபடியும் அந்த கான்ட்ராக்டர்தான் கவுன்சிலர். நம் குழாயில் தண்ணீர் வராது.

செல்வி கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தாள். திரும்பி வரும் வழியில், "மாமா, நீங்க அப்பா கூடவே இருந்தீங்களே. நெஜமாவே வித்தாரா?" என்று கேட்டாள்.

"ஜல்தி நட, மழை வருது" என்றேன். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

இப்போது சொல்கிறேன். செல்வி, நிறுத்தாமல் எழுது.

நீ சுயேச்சையாக நின்றாய். சுயேச்சைக்குச் சின்னம் கடைசியில்தான் கொடுப்பார்கள். நாம் கூடை கேட்டு எழுதிக் கொடுத்திருந்தோம். காய் விற்கவும் கூடை, குப்பை அள்ளவும் கூடை, யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நீ என்னிடம் படித்துப் படித்துச் சொன்னாய்: "சின்னம் கைக்கு வர்ற வரைக்கும் வாயத் தொறக்காத மச்சான்." நான் கேட்டேனா? நம் ஜனத்துக்கும் என்னைப்போலவே எழுத்து தெரியாது, படம் மனசில் பதிய நாள் வேண்டும் என்று நினைத்தேன். கீரைக்கூடையைத் தலைக்குமேல் தூக்கி, வீடு வீடாக, "இதுக்குத்தான் குத்தணும்" என்று காட்டினேன். ஒரு வீட்டைக்கூட விடவில்லை. இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன்.

கான்ட்ராக்டர் ஆட்களுக்கும் கண் இருந்தது. ஒரு டம்மி ஆளை நிறுத்தி, அவனையும் கூடையே கேட்கவைத்தார்கள். சீட்டுக் குலுக்கினார்கள். கூடை அவனுக்குப் போனது. நமக்கு ஃபேன்.

இருந்த சில நாளில் எத்தனை தலையிலிருந்து கூடையை இறக்க முடியும்? ஓட்டுப் போட்டு வந்த முனியம்மா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கூடைக்கே குத்திட்டேன் தம்பி, கவலப்படாத" என்று சிரித்தாளே. அந்தச் சிரிப்பு இன்னும் என்னை விடவில்லை.

தோற்ற மறுநாள் தண்ணீர்த் தொட்டியடியில் ஐந்து பேர் உட்கார்ந்தோம். கோவிந்தன் கான்ட்ராக்டரிடம் காசு வாங்கிக் கூடையை விற்றுவிட்டான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாய். "வீடு வீடா போறவன் நீ. உன் மேல நம்பிக்க போச்சுன்னா அடுத்த வாட்டி யாரு கதவத் தொறப்பா? பழி எங்கிட்ட கெடக்கட்டும்" என்றாய். மற்ற மூவரையும் வாய் திறக்க விடவில்லை.

கிடந்தது. கொரோனாவில் உன்னை எரிக்கக் கொண்டுபோன அன்றும் கிடந்தது. அன்றாவது நான் ஏன் பேசவில்லை, மச்சான்? உன் சொல்லைக் காப்பாற்றினேனா, என் பேரையா?

செல்வி எழுதுவதை நிறுத்திவிட்டாள். "இத்தன வருஷமா மாமா? நானே நம்பிட்டேனே" என்கிறாள். திட்டட்டும் என்று காத்திருந்தேன். மூக்கை உறிஞ்சிவிட்டு, "அப்புறம்? சொல்லுங்க" என்கிறாள். முகம் என் பக்கம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இதை அவள் அங்கே படிக்க வேண்டாம். நானே எழுந்து, ராம்பிரசாத் முகத்தைப் பார்த்து, எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்வேன். அதற்குப் பிறகு கதவு திறக்கிறதோ, முகத்தில் சாத்துகிறார்களோ, ஒவ்வொரு படியாக ஏறி இதையே சொல்வேன். சின்னம் கைக்கு வரும்வரை கூடையைத் தொடமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

இதற்குச் சாட்சி உண்டா என்று அவர்கள் கேட்பார்கள். லலிதா பாபி போய்விட்டாள். தையல்கார கரீம் பாய் போய்விட்டார். அந்தோணியும் போனான். நீயும் இல்லை. தொட்டியடியில் உட்கார்ந்த ஐந்து பேரில் மிச்சம் இருப்பவன்,

உன் தங்கச்சி புருஷன்,
கீரைக்கூடை ஆறுமுகம்