இனம் என்று ஒரு வரி

ஓஷ், கிர்கிஸ்தான்,
சனிக்கிழமை

அன்பு மகன் ஒடில்ஜானுக்கு அம்மா எழுதுவது. கை வீங்கியிருக்கிறது, மற்றபடி நலம். அந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து நீ போனை எடுக்கவில்லை. உன்னோடு வேலை செய்யும் கொமில் நாளை ரஷ்யாவுக்குப் பஸ் ஏறுகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

அடையாள அட்டையைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். புது அட்டையில் சிப் இருக்கிறது, கைரேகை இருக்கிறது. நடுவில் சில வருஷம் நீக்கியிருந்த 'இனம்' என்ற வரியும் திரும்பி வந்திருக்கிறது. வேண்டாமென்றால் காலியாக விடலாமாம். கவுண்டர் பெண், "என்ன போடட்டும், அக்கா?" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் பின்னால் நின்றவன், "கேக்கணுமாக்கும்? மூஞ்சியிலேயே எழுதியிருக்கே!" என்றான். வரிசையே சிரித்தது.

கிர்கிஸ்காரர்களுக்கும் உஸ்பெக்குகளான நமக்கும் கலவரம் நடந்த அந்த ஜூனில் பஸ்ஸை மறித்து ஏறியவன், உன் அப்பாவின் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு இதே குரலில் இதைத்தான் சொன்னான். சொன்னதோடு விட்டானா? அதில் இருந்த 'இனம்' வரியை விரலால் தடவி, "உஸ்பெக்" என்று உரக்கப் படித்தான். நீ என் மடியில் இருந்தாய். அப்பாவைக் கீழே இழுத்துப்போட்டு இரும்புக் கம்பியால் மண்டையில் அடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் கத்துவது நின்றுவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். அவனேதான், புருவத்தில் அதே வெட்டுத் தழும்பு. என் கையில் டீ பிளாஸ்க் இருந்தது. ஓங்கி வாயிலேயே அடித்தேன். பல் தெறித்தது. கொதிக்கிற டீ முகத்தில் கொட்டி அலறினான். விழுந்தவனையும் விடவில்லை, பிளாஸ்க் நசுங்கும்வரை அடித்தேன். "என் புருஷன் பேரைச் சொல்லுடா! தோஹிர்னு சொல்லுடா!" என்று நான் கத்தியதைத்தான் யாரோ போனில் எடுத்த அந்த வீடியோவில் ஊரே கேட்டிருக்கிறது. காவலர்கள் என் கையை முறுக்கிப் பிரித்தபோதுதான் அவனுக்கு என்னைத் தெரிந்தது. புகாரே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஓடினான்.

கவுண்டர் பெண் கிர்கிஸ்காரிதான். என் கையில் ஈரத்துணி சுற்றிவிட்டு, "அந்த வரியை விட்டுடட்டுமா, அக்கா?" என்றாள். "உஸ்பெக்னு போடு" என்றேன்.

நீ வராதே. அவனைக் கொல்ல வேண்டும் என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது. அவன் வீடு எங்கே என்று யாராவது சொல்ல வந்தால் காதில் வாங்காதே. உன் அட்டையும் முடியப்போகிறது, அங்கேயே தூதரகத்தில் புதுப்பித்துக்கொள். அந்த வரியைக் காலியாக விடு. நீ மட்டும் போட்டாயே என்று என்னிடம் வாதாடாதே. என்னை இனி யார் இழுத்துக் கீழே போடப்போகிறார்கள்?

உன் அப்பாவுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. உனக்குத் தலை முழுக்க நரைக்கட்டும், மகனே.

இப்படிக்கு,
உன் அம்மா மவ்லுதா