‘புரிஞ்சுதா?’ என்று கேட்பதை நிறுத்திவிட்டேன், தேவி

என் அன்புத் தேவிக்கு,

பள்ளி திறந்துவிட்டது. சுங்கை வேயிலிருந்து கிள்ளானுக்கு இப்போது தனியாகத்தான் கார் ஓட்டிப் போகிறேன். பெடரல் ஹைவே நெரிசல் அப்படியேதான் இருக்கிறது. முன்பெல்லாம் நம் பேச்சு முடிவதற்குள் பள்ளி வாசல் வந்துவிடும். இப்போது வானொலியைப் போடுகிறேன், அணைக்கிறேன், மறுபடி போடுகிறேன்.

அந்தக் காரில்தான் செயலாய்வுப் பேச்சை எடுத்தாய். இத்தனை வருஷம் பாடம் நடத்தியாயிற்று, இனிமேல் ஆய்வா என்று சிரித்தேன். “பெருசா ஒன்னும் இல்லக்கா. நம்ம கிளாஸ்ல ஒரு சின்னத் தொல்லைய எடுத்துக்குவோம். ஒன்னை மாத்திப் பாப்போம். சரியா வரலன்னா வேற மாதிரி மாத்துவோம். அவ்ளோதான் லா,” என்றாய்.

தொல்லையைத் தேட வேண்டியிருக்கவில்லை. என் நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் கேள்வியே கேட்பதில்லை. “புரிஞ்சுதா?” என்றால் “புரிஞ்சுது டீச்சர்” என்று வகுப்பே ஒரே குரலில் பாடும். சோதனைத் தாளைத் திருத்தும்போதுதான் உண்மை தெரியும். உன் ஓய்வு வேளையில் வந்து, வாயே திறக்காத யாழினி பக்கத்தில் உட்கார்ந்து என் பாடத்தைக் கவனித்தாய்.

திரும்பும் வழியில், “கோவிச்சுக்காதீங்கக்கா. நீங்களே கேட்டு நீங்களே பதில் சொல்லிடுறீங்க. பிள்ளைங்க வாயத் திறக்கறதுக்குள்ள அடுத்த கணக்குக்குப் போயிடுறீங்க,” என்றாய். ஷா ஆலாம் தாண்டும் வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். அப்புறம் சிரித்துவிட்டேன்.

இனி “புரிஞ்சுதா?” வேண்டாம், “எந்த இடத்துல சிக்கலா இருக்கு?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருக்க வேண்டும். விடுமுறை முடிந்ததும் தொடங்கலாம் என்று பேசிவைத்தோம். அந்த விடுமுறையில்தான் உனக்கு டெங்கி வந்தது. மருத்துவமனைக்கு வந்தபோது, “ஸ்கூல் திறக்கறதுக்குள்ள வந்துடுவேன்க்கா,” என்றாயே. வீட்டுக்குக்கூட நீ உயிரோடு திரும்பவில்லையே, ஏன் அப்படிச் சொன்னாய்?

தலைமையாசிரியை நல்ல மனதோடுதான் சொன்னார். “ரெண்டு பேரா எடுத்த ஆய்வு. இந்த வருஷம் விட்டுடுங்க டீச்சர்.” நானும் சரி என்றேன். உன் மேசைக்குப் புது ஆசிரியை வந்திருக்கிறாள். நல்ல பெண். உன் பெயரைச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்கிறாள். நான் யாரிடம் உன்னைப் பற்றிப் பேசுவது?

ஒருநாள் பின்னக் கணக்கு நடத்தினேன். வழக்கம்போல “புரி...” என்று வாய் வரை வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன். “எந்த இடத்துல சிக்கலா இருக்கு?” என்று கேட்டுவிட்டுச் சும்மா நின்றேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பேசாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

யாழினி கையைத் தூக்கினாள்.

“டீச்சர், தேவி டீச்சர் இனிமே வரவே மாட்டாங்களா?”

“வரமாட்டாங்கம்மா.”

“எனக்குப் பின்னம் புரியல டீச்சர். அன்னிக்கு அவங்க பக்கத்துல உக்காந்தப்ப கேக்கலாம்னு நெனச்சேன். பயமா இருந்துச்சு.”

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “இப்ப கேளும்மா,” என்றேன். “மேல இருக்கற நம்பரக் கூட்டுறோம். கீழ இருக்கறத ஏன் கூட்டக்கூடாது?” என்று கேட்டாள். ஒரு தாளை மடித்துக் காட்டத் தொடங்கினேன். முன்வரிசையிலிருந்து ஒருவன், “எனக்கும் அதான் புரியல டீச்சர்,” என்றான். பிறகு இன்னொருத்தி. மணி அடித்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் மாறிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். மறுநாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதனால், முதலில் பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லுங்கள், பிறகு வகுப்புக்குச் சொல்லலாம் என்று மாற்றினேன். இப்போது பரவாயில்லை. நடந்ததையெல்லாம் காரில் வாய்விட்டு உன்னிடம் சொல்கிறேன். சிக்னலில் பக்கத்து மோட்டார் சைக்கிள்காரர் ஒரு மாதிரி பார்க்கிறார். பார்க்கட்டும். நீ பதில் சொல்லாததுதான் தாங்கவில்லை.

ஆய்வை விடவில்லை என்று தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டேன். ஆண்டு இறுதிக் கூட்டத்தில் எல்லா ஆசிரியர்கள் முன்னாலும் படைப்பேன். உன் பெயரைத்தான் முதலில் சொல்வேன். அது சத்தியம். சொல்லும்போது அழமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்க முடியாது.

உன் கூடப் பிறக்காத அக்கா,
மங்கை