டிரெய்லருக்கு மூன்று விளக்கு

இன்று டிரெய்லருக்கு விளக்கு பொருத்தினோம். ஒயரில் சுற்றிய கறுப்பு டேப்பின் வாசம், சோப்புப் போட்டுக் கழுவியும் என் விரலை விட்டுப் போகவில்லை. உங்கள் சட்டைப்பையில் எப்போதும் ஒரு டேப் உருளை கிடக்கும். அதோடேயே சட்டையைத் துவைக்கப் போடுவீர்கள். அதற்காக எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறேன். இன்று அந்த வாசத்துக்கே கண் கலங்கிவிட்டது, போங்கள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு டிராக்டரை நான்தான் ஓட்டுகிறேன். நம் ஊர் பெருமாட்டியில் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். இப்போது வாடகைக்குக் கூப்பிடுகிறார்கள். பகலில் ஒரு தொல்லையும் இல்லை. தேங்காய் பறித்து ஏற்றி வீடு வந்து சேர்வதற்குள் இருட்டிவிடுவதுதான் சங்கடம். கிணற்றுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவில் ரிவர்ஸில் விட வேண்டும். முந்தாநாள் டிரெய்லர் சக்கரம் கிணற்று மேட்டில் ஏறிவிட்டது. நம் மகன் அன்றைக்கே சொல்லிவிட்டான்: "வண்டிய வித்துப்போடலாம்மா. இருட்டுல பின்னால நின்னு பாத்துச் சொல்ல ஆரு இருக்கறா?"

அவன் கேட்டதில் தப்பில்லை. நீங்கள் ஓட்டும்போது பின்னால் டார்ச்சோடு நின்றது நான். இடது, வலது என்றால் குழம்பிவிடும். டிரெய்லர் ஒரு பக்கம் போக ஸ்டியரிங்கை மறுபக்கம் ஒடிக்க வேண்டும். அதனால் நமக்குள் "கெணத்துப் பக்கமுங்க", "மாட்டுப் பக்கமுங்க" என்றே வைத்துக்கொண்டோம். ஒருமுறை அடுத்தவர் தோப்பிலும் "கெணத்துப் பக்கமுங்க" என்று கத்தினேன். தோப்புக்காரர், "ஏனுங்க, இங்க ஏது கெணறு?" என்று சுற்றிச் சுற்றித் தேடினார். நீங்கள் சிரிக்காமல் சரியாக ஒடித்தீர்கள். வீட்டுக்கு வந்துதான் சிரித்தீர்கள். "நீ கொரல் குடுத்தாப் போதும் புள்ள, எனக்கு சைடு கண்ணாடியே வேண்டாம்" என்றீர்கள். எனக்குக் குரல் கொடுக்க நீங்கள் இல்லையே என்று கோபமாகத்தான் வருகிறது.

விற்க எனக்கு மனசில்லை. "வெளக்குப் போட்டுப் பாக்கலாம். அப்பறமும் முடியலீன்னா வித்துக்க" என்று மகனிடம் சொன்னேன். பின்மூலைகளில் இரண்டு, சக்கரத்தருகே தரையைப் பார்த்து ஒன்று. எலக்ட்ரீசியன் அவசரத்தில் பிரேக் ஒயரோடு சேர்த்துவிட்டார். பிரேக்கை மிதித்தால் வெளிச்சம், காலை எடுத்தால் இருட்டு. "நிக்கறப்ப மட்டும் வழி தெரிஞ்சு என்னுங்க பண்றது?" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு தனி சுவிட்ச் வைத்துக் கொடுத்தார்.

பொழுது சாய்ந்ததும் முழு லோடோடு வந்தேன். சுவிட்சைப் போட்டதும் கிணற்று மேடு, ஈர மண், சக்கரம் எல்லாம் தெரிந்தன. ஆனாலும் பாதியில் டிரெய்லர் கோணிக்கொண்டது. மகன் ஓடி வந்து, "எறங்குங்கம்மா, நான் விடறேன்" என்றான். நான் இறங்கவில்லை. கோணினால் நீங்கள் ஒருநாளும் முரண்டு பிடித்ததில்லை. முன்னால் எடுத்து, நேராக்கி, மறுபடி மெதுவாக வருவீர்கள். "இப்பிடி ஆடி அசைஞ்சா எப்பங்க ஊடு சேர்றது?" என்று நான்தான் கத்துவேன். இன்று நானும் முன்னால் எடுத்தேன், நேராக்கினேன், மறுபடி வந்தேன். சக்கரம் எதையும் தொடாமல் உள்ளே போய் நின்றது.

மகன் சக்கரத்துக்கும் கிணற்று மேட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைக் குனிந்து பார்த்தான். பிறகு, "நாளைக்கு எந்தத் தோப்பும்மா?" என்று கேட்டான்.

வண்டி நம் வீட்டிலேயே இருக்கும். நான் எரிச்சல்பட்ட உங்கள் நிதானம் என் கையில் இருக்கிறது.