மிக்ஸர் வந்த நவம்பர்

நவம்பர் 6, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். கொடியில் கிடந்த வேட்டி முழுக்கச் சாம்பல் புள்ளி. அனல் மின் நிலையப் புகைபோக்கிக் காற்று எங்கள் பிளாக் பக்கம் திரும்பியிருக்கிறது. கமலா மறுபடி அலசினாள், முணுமுணுத்துக்கொண்டே.

மெட்ராஸிலிருந்து மிக்ஸர் வந்துவிட்டது. தார்ப்பாய் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி, நானும் தேவராஜும் தள்ளிக்கொண்டே கிளப்புக்கு. தேவராஜ் வொர்க்‌ஷாப்பில் வெல்டர், எங்கள் இசைக்குழுவில் கிடார். நான் சவுண்ட் பார்ப்பவன். என்னை அண்ணன் என்பான், கமலாவை அண்ணி. பெட்டியைப் பிரித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டான். எட்டு மைக் சொருகலாம். ஒவ்வொன்றுக்கும் சத்தத்தை ஏற்றி இறக்கத் தனிக் கட்டை.

உள்ளே இருந்த குறிப்பிலிருந்து என் ஞாபகத்துக்கு:

ஆன் செய்ய: மிக்ஸர் முதலில், ஆம்ப்ளிஃபயர் கடைசி. ஆஃப் செய்யத் தலைகீழ். மாற்றினால் ஸ்பீக்கர் போய்விடும்.
ஆன் செய்யும்போது கட்டை எல்லாம் கீழே.
எல்லாச் சாமானுக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட்.
எர்த் இல்லாமல் தொடவே கூடாது.

சனிக்கிழமை கிளப் ஆண்டு விழா. திறந்தவெளி மேடை. கமலா இரண்டு பாட்டு. கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்கு முதல் மேடை. சாம்பாரில் உப்பு போட மறந்துவிட்டாள். நானும் சொல்லவில்லை.

நவம்பர் 8, செவ்வாய்

காலை ஷிப்ட். மாலை கிளப் ஹாலில் பிராக்டிஸ்.

மிக்ஸரை ஆன் செய்ததுமே ஸ்பீக்கரில் உறுமல். தகர டப்பாவுக்குள் பெரிய வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி. செக்ரட்டரி வந்து நின்றார். கிளப்புக்கு அவர் வைத்ததுதான் சட்டம். "புதுசு வாங்கியும் இந்த இரைச்சலா? சீஃப் கெஸ்ட் முன்னாடி மானம் போயிடும் சுந்தரம்."

இரண்டாம் பாட்டில் சேர்ந்து பாட தேவராஜ் கிடாரோடு கமலாவின் மைக்கிடம் குனிந்தான். சட்டென்று தலையை இழுத்துக்கொண்டான். "உதட்டுல சுர்ருன்னுச்சுண்ணே."

எல்லோரும் சிரித்தார்கள். "அண்ணி பாட்டுல அவ்ளோ கரண்ட்டுடா" என்றது டிரம்ஸ் பையன்களில் ஒன்று. கமலாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 9, புதன்

கிடார் ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் கசிகிறது. பிளக்கில் எர்த் வயர் இல்லவே இல்லை. உறுமலை நிறுத்த எப்போதோ யாரோ எடுத்துவிட்டிருக்கிறார்கள். எர்த் இருந்தால் கசியும் கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கிடார் கம்பியில் வந்து காத்திருக்கும். கம்பியைப் பிடித்தவன் மைக்கைத் தொட்டால் அவன் உடம்பு வழியாகப் போகும்.

எர்த் வயரை மறுபடி கொடுத்தேன். ஷாக் போனது. நேற்றைய உறுமல் ஒரு மைக் வயரின் லூஸ், சரிசெய்தேன்; ஆனால் எர்த் கொடுத்ததும் கசிவு அதில் ஓடிப் புது உறுமல் வந்துவிட்டது. டிரான்ஸ்ஃபார்மர் மெட்ராஸில்தான் கிடைக்கும், சனிக்கிழமைக்குள் வராது.

தேவராஜிடம் விளக்கிச் சொன்னேன். "சரிண்ணே, சரிண்ணே" என்றான். காது இங்கே, விரல் கம்பியில்.

மாவு அரைக்கக் கொடுத்தது. வாங்க மறந்தேன். திட்டு.

நவம்பர் 11, வெள்ளி

மழை விட்டு விட்டு. திறந்தவெளி மேடையில் ஒத்திகை. மேடை ஏறும் இரும்புப் படியைத் தொட்டால் மணிக்கட்டு வரை கூசுகிறது, ஈரத்தில் விளக்கு லைன் கசிகிறது. மற்றவர்களுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது, ஆளுக்கொரு முறை தொட்டுப் பார்க்கிறார்கள்.

இங்கே இரண்டு லைன். மிக்ஸருக்குக் கிளப்பிலிருந்து, கிடாருக்கு மேடை விளக்கு லைனிலிருந்து. இரண்டும் சண்டை போட்டு உறுமுகின்றன. மேடைக்கென்று ஒரு எர்த் குழி வெட்டி எல்லாவற்றையும் ஒரே போர்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று செக்ரட்டரியிடம் சொன்னேன். "ஃபங்ஷன் முடியட்டும்யா" என்றார்.

கமலாவின் முதல் பாட்டு மெதுவான பாட்டு. வாத்தியம் அடங்கி அவள் குரல் மட்டும் தனியாக நிற்கிற இடம் ஒன்று. அங்கே உறுமல் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. பாதியில் நிறுத்திவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபின்:

"என் பாட்டுக்கு மட்டும்தாங்க அந்தச் சத்தம் கேக்குது. மத்ததெல்லாம் டிரம்ஸ்ல அமுங்கிப் போயிடுது."

"சத்தம் இருக்குன்னா எர்த் இருக்குன்னு அர்த்தம். இருந்துட்டுப் போகட்டும்."

"அதை, பாட்டுக் கேக்க வர்றவங்ககிட்ட சொல்லுங்க."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மைன்ஸ் பக்கமிருந்து கரி ஏற்றும் பெல்ட் ஓடும் சத்தம். வழக்கமாகக் காதில் விழாது.

நவம்பர் 13, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நேற்று மதியம் மேடைக்குப் போனேன். மழை நின்றிருந்தது, பலகையெல்லாம் ஊறிக் கிடந்தது. எல்லாவற்றையும் ஆன் செய்து கட்டைகளை ஏற்றினேன். உறுமலே இல்லை. ஸ்பீக்கர் அப்படி ஓர் அமைதி. மீட்டரை எடுத்து ஒரு முனையை மைக்கிலும் மறுமுனையைக் கிடார் கம்பியிலும் வைத்தேன். முள் பாய்ந்து ஓரத்தில் போய் நின்றது.

கிடார் ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைத் திறந்தேன். எர்த் வயர் வெட்டியிருந்தது. புது வெட்டு, செம்பு பளபளவென்று.

வடலூர் சவுண்ட் சர்வீஸ் முருகேசன் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தான். அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். "நான் வெட்டலீங்க சார். என் சாமானைத்தான் நான் தொட்டுகினு இருக்கேன். உங்க பொட்டிகிட்டயே வரல." நம்பவில்லை. கத்தினேன். கூட்டம் கூடிவிட்டது. எல்லார் முன்னாலும் சொன்னேன்: "இப்படியே ஆன் பண்ணா இன்னைக்கு இந்த மேடையில ஒருத்தன் விழுவான்."

செக்ரட்டரி வந்தார். வயரைச் சேர்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்றேன். சேர்த்துக் காட்டினேன். உறுமல். சீஃப் கெஸ்ட்டின் கார் கேட்டுக்குள் நுழைந்துவிட்டதாக ஒரு ஆள் ஓடி வந்து சொன்னான். செக்ரட்டரி முகம் சிவந்தது. "எடுய்யா அதை. நீர் போய் உக்காரும் சுந்தரம். முருகேசன் பாத்துப்பான்."

நான் எடுக்கவில்லை. வேறு யாரோ எடுத்தார்கள். மறுபடி அந்த அமைதி.

மேடைக்குப் பின்னால் கமலா, பச்சைப் பட்டு. பாட வேண்டாம் என்றேன்.

"மிக்ஸரை உங்ககிட்டேருந்து புடுங்கிட்டாங்கன்னு என் பாட்டை நிறுத்தச் சொல்றீங்களா?"

அதுவும் கொஞ்சம் இருந்ததோ என்னவோ. "தேவராஜ் கையில கிடார் இருக்கறப்ப அவனைத் தொடாதே. அது போதும்" என்றேன். தேவராஜிடமும் போனேன். மைக் பக்கமே வராதே, சேர்ந்து பாடாதே என்றேன். "சரிண்ணே" என்றான். என்னைப் பார்க்கவில்லை. கமலாவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

நாற்காலியில் உட்காரவில்லை. மேடைக்குப் பக்கவாட்டில் மெயின் சுவிட்ச் பெட்டி. காய்ந்த பலகை ஒன்றைப் போட்டு அதன்மேல் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

கமலாவின் முதல் பாட்டு. அந்த இடம் வந்தது. குரல் மட்டும். எங்கும் ஒரு சத்தமில்லை. முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கல்யாணமான நாளாக என் வீட்டில் இருக்கும் குரல் அது, அப்படிக் கேட்டதில்லை. கையைச் சுவிட்சிலிருந்து எடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

இரண்டாம் பாட்டு. கைதட்டல். தேவராஜுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பல்லவி திரும்பியபோது பழக்கம் இழுத்துவிட்டது. குனிந்தான். பாட்டின் வேகத்தில் மைக் கம்பத்தைக் கையாலேயே பிடித்தான்.

கத்தவில்லை. கத்த முடியவில்லை. மைக்கோடு சேர்ந்து விறைத்து நின்றான், பிறகு கம்பத்தோடு சரிந்தான். கை விடவில்லை. ஆட்டம் போடுகிறான் என்று நினைத்துக் கூட்டம் விசிலடித்தது. கமலா அவன் தோளைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

இழுத்தேன்.

மேடை, திடல், தோரண விளக்கு எல்லாம் இருட்டு. "கரண்ட் எடுக்கிற ஊர்லயே கரண்ட் கட்டுடா!" என்று ஒரு குரல். பெரிய சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவே கமலா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

முருகேசன்தான் டார்ச்சோடு ஓடி வந்து அவன் மார்பை அமுக்கினான். மூச்சு வந்தது. ஆஸ்பத்திரி வேன்.

இன்று காலை ஆஸ்பத்திரி. உயிருக்குப் பயமில்லையாம். வலது உள்ளங்கை வெந்துவிட்டது. தேவராஜின் பெண்டாட்டி சரசு வாசலிலேயே மறித்தாள்.

"நீங்க சொன்னது நடந்துடுச்சில்ல? இப்ப சந்தோஷமாண்ணே?"

வாங்கிப் போன ஆரஞ்சைப் பெஞ்சில் வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 15, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

டவுன்ஷிப் பஸ்ஸில் ஏறியதும் பேச்சு நின்றது. பின்சீட்டில் மெதுவாக: "விழுவான்னு முன்னாடியே சொன்னாராம். மெயின்கிட்டயே நின்னுகினு இருந்தாராம். எப்டி தெரியும்?" "மிக்ஸரை வாங்கிட்டாங்கள்ல, அந்தக் கோவம்."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தேன். இறங்க வேண்டிய இடத்துக்கு முன்பே இறங்கி நடந்தேன்.

செக்ரட்டரி கூப்பிட்டனுப்பினார். "மெயின் பக்கத்துல உமக்கென்ன வேலை? சனிக்கிழமை விசாரணை. வந்து சொல்லும்."

எர்த்தை எடு என்று அவர் சொன்னதைக் கேட்டவர் யாரும் இப்போது இல்லை. காலையில் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

நவம்பர் 16, புதன்

இரவு ஷிப்ட் முடிந்து வந்தேன். கமலா சமைக்கவில்லை. அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"முருகேசன் வெட்டலைங்க."

பனியனைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"நான்தான் தேவராஜ் தம்பிகிட்ட சொன்னேன். அந்தச் சத்தத்தை எப்படியாவது நிறுத்து, அண்ணன்கிட்ட சொல்லாதேன்னு. பாட்டு ஒழுங்கா வரணும்னு மட்டும்தான் நெனச்சேன். சனிக்கிழமை காலைல போய் அவரே வெட்டிட்டு வந்து சொன்னாரு."

எனக்குக் கோபமா என்று பார்த்தேன். கோபம் இல்லை. அவள் நீட்டிய கைதான் திரும்பத் திரும்பக் கண்ணில். அரை விநாடி தாமதித்திருந்தால்.

"யாரும் உன்னைக் கேக்கப் போறதில்லை" என்றேன்.

"உங்களைக் கேக்கப் போறாங்களே."

மாலை பஸ் பிடித்து வடலூர் போய் முருகேசனைப் பார்த்தேன். சட்டையைப் பிடித்தது தப்பு என்றேன். டீ வாங்கிக் கொடுத்தான்.

நவம்பர் 19, சனி

விசாரணை கிளப் ஆபீஸ் ரூமில். செக்ரட்டரி, ஒரு அதிகாரி, டைப்பிஸ்ட். நான் என் பங்கைச் சொன்னேன். கசிவு, எர்த், மீட்டர் முள். அதிகாரி தலையாட்டினார், அவர் பேனா ஓடவில்லை.

கதவு திறந்தது. கமலா. வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"வயரை எடுக்கச் சொன்னது நான். ஒரு தடவை எடுத்தாச்சு. இவரு கண்டுபிடிச்சுச் சேர்த்தாரு. மறுபடி எடுக்கச் சொன்னது செக்ரட்டரி சார். அவர் சொன்னதை நான் மேடைக்குப் பின்னாடி நின்னு கேட்டேன். ரெண்டு பேர் மேலயும் எழுதிக்கோங்க."

செக்ரட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதிகாரி பேனாவை மூடினார். "அம்மா, நீங்க மனசு சரியில்லாம இருக்கீங்க. வீட்டுக்குப் போங்க."

முடிவு: மழை ஈரத்தால் விபத்து. யார் மீதும் குற்றம் இல்லை. எனக்கு மட்டும் வாயால் ஒரு எச்சரிக்கை, அனுமதியில்லாமல் மெயினைத் தொட்டதற்கு.

அங்கிருந்து நேரே கமலா ஆஸ்பத்திரிக்குப் போனாள், தனியாக. சரசுவிடமும் சொன்னாளாம். சரசு அறைந்தாளாம். பிறகு இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்களாம். கன்னத்தில் விரல் தடம். மஞ்சள் அரைத்துக் கொடுத்தேன், வேண்டாம் என்றாள்.

தேவராஜுக்கு இரண்டு விரல் மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெல்டிங் வேலை இனி இல்லை. ஸ்டோர்ஸில் உட்கார வைப்பார்களாம்.

நவம்பர் 27, ஞாயிறு

வெயில். நின்றுபோன விழாவை அடுத்த மாதம் மறுபடி நடத்தப் போகிறார்கள். அதே மேடை. ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது, முருகேசனும் மாட்டேன் என்றுவிட்டான். செக்ரட்டரி என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். எர்த் குழி வெட்டினால் வருகிறேன் என்றேன். "எதையாவது பண்ணித் தொலையும்."

காலையிலேயே கடப்பாரையோடு போனேன். முருகேசன் சொல்லாமலே வந்து மண் அள்ளினான். குழாய் இறக்கி, கரி, உப்பு போட்டு மூடினோம். கமலா குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். மண் குடித்துக்கொண்டே இருந்தது. எல்லாச் சாமானும் ஒரே போர்டுக்கு. கிடார் ஆம்ப்ளிஃபயரில் புது டிரான்ஸ்ஃபார்மர்.

நான் மெயினைப் போட்டேன். மிக்ஸர், பிறகு ஆம்ப்ளிஃபயர். உறுமல் இருந்தது, லேசாக.

மீட்டர் பையில் இருந்தது. மைக்குக்கும் கம்பிக்கும் வைத்து அளந்து பார்க்க, அதை எடுக்கக் குனிந்தேன். முருகேசன் "அக்கா, அக்கா" என்றான். நிமிர்ந்தேன். கமலா மேடை நடுவில். ஒரு கையில் தேவராஜின் கிடார், விரல் நாலும் கம்பிமேல். மறு கையை மைக்கிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

மெயினுக்கு ஓடினேன். கைப்பிடியைப் பிடித்துத் திரும்புவதற்குள் மைக்கைப் பற்றிவிட்டாள். கண் மூடியிருந்தது.

பிறகு திறந்தாள். "ஒண்ணுமில்லைங்க" என்றாள். ஸ்பீக்கரில் அது திடல் முழுக்கக் கேட்டது.

கைப்பிடியிலிருந்து என் விரல்களை முருகேசன்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான்.